ஊர் ஊராக இருக்கும் டீமுக்கு மாற்றத்தைச் சொல்வது எப்படி: பெரிய வீடியோ காலா, கடிதமா, தனிப்பேச்சா?

இரண்டு டீம்களை ஒன்றாக்குகிறார்கள், மேனேஜர் மாறுகிறார், பாதிப் பேர் பார்த்துக்கொண்டிருந்த ப்ராஜெக்ட் மூடப்படுகிறது. எல்லாரும் ஒரே ஆபீஸில் இருந்தால், மத்தியானம் அறிவித்ததை நாலு மணி டீக்குப் போகும்போதே பேசித் தீர்த்துக்கொள்வார்கள், பாதி பயம் அங்கேயே இறங்கிவிடும். ஒருத்தர் திருநெல்வேலியில், ஒருத்தர் புனேயில், இன்னொருத்தர் லண்டனில் என்றால் அந்த டீக்கடை கிடையாது. அதனால் செய்தியை எந்த வழியில் சொல்கிறோம் என்பது ரொம்ப முக்கியமாகிவிடுகிறது. டீம் லீடாக மூன்று வழிகளையும் பார்த்துவிட்டேன்.

முதல் வழி, எல்லாரையும் ஒரே வீடியோ காலில் கூட்டிச் சொல்வது. எல்லார் காதிலும் ஒரே நேரத்தில் விழுகிறது, சொல்பவரின் முகம் தெரிகிறது, இதெல்லாம் நல்லதுதான். ஆனால் சான் ஃபிரான்சிஸ்கோவில் கோடைக்காலத்துக் காலை 10 மணி என்றால் நமக்கு இரவு 10:30. அங்கே இருப்பவருக்கு மேனேஜரைப் பிடித்துக் கேட்க முழு நாளும் பாக்கி இருக்கிறது, நம் ஆள் அதைச் சுமந்துகொண்டு படுக்கப்போகிறார். நான் இருந்த ஒரு நிறுவனத்தில் இப்படித்தான் நடந்தது. கடைசியில் "கேள்வி இருக்கா?" என்றார்கள், யாரும் மைக்கைத் திறக்கவில்லை, சரி, எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்று மீட்டிங்கை முடித்துவிட்டார்கள். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ராத்திரி ஒரு மணி வரை மெசேஜ் நிற்கவில்லை.

வேலையை விட்டு அனுப்பும் செய்திக்கு இந்த வழி கூடவே கூடாது. 2021 டிசம்பரில் அமெரிக்க வீட்டுக்கடன் நிறுவனமான பெட்டர்.காமின் தலைவர் விஷால் கார்க் ஒரே ஜூம் காலில் சுமார் 900 பேரிடம், இந்தக் காலில் இருக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு வேலை இல்லை என்று சொல்லி முடித்தார். பிறகு சொன்ன விதத்துக்காக மன்னிப்புக் கேட்டார், அதற்குள் அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டது.

இரண்டாவது, எழுதிச் சொல்வது. 2020 மே 5 அன்று பயணிகளுக்கு வாடகை வீடு பிடித்துத் தரும் ஏர்பிஎன்பியின் தலைவர் பிரையன் செஸ்கி ஊழியர்களுக்கு எழுதிய கடிதத்தைப் படித்துப் பாருங்கள். 7,500 பேரில் சுமார் 1,900 பேரை அனுப்புகிறோம் என்ற கொடுமையான செய்திதான். ஆனால் ஏன், எந்தப் பிரிவுகளைக் குறைக்கிறோம், யார் என்று எப்படி முடிவு செய்தோம், அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு 14 வாரச் சம்பளமும் வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் கூடுதலாக ஒரு வாரச் சம்பளமும், லேப்டாப்பை நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொன்றும் வரிசையாக இருக்கிறது. அடுத்த சில மணி நேரத்தில் என்ன நடக்கும் என்பதும் இருக்கிறது. தூரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருத்தருக்கு அதுதான் முதலில் வேண்டும். எந்த நேரத்தில் எழுந்து படித்தாலும் அதே செய்தி, புரியாவிட்டால் மறுபடி படிக்கலாம். ஆபீஸே இல்லாமல் வளர்ந்த கிட்லேப் என்ற சாஃப்ட்வேர் நிறுவனம் தன் விதிமுறைகளை எல்லாரும் பார்க்கும்படி இணையத்திலேயே எழுதிவைத்திருக்கிறது, எந்த வரி எப்போது மாறியது என்று அங்கேயே தெரியும்.

எழுத்துக்கும் குறை உண்டு. "சில பொறுப்புகள் மறுசீரமைக்கப்படும்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், பத்துப் பேர் அதைப் பத்து விதமாகப் படித்துத் தூக்கத்தைத் தொலைப்பார்கள்.

மூன்றாவது, டீம் லீடுகள் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுவது. இதில்தான் உண்மையான கேள்வி வெளியே வருகிறது. என் டீமில் ஒரு பையன் இருபது நிமிஷம் ப்ராஜெக்ட் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டு, போனை வைக்கப்போகும் நேரத்தில், "அண்ணா, வீட்டு லோனுக்கு அடுத்த வாரம் கையெழுத்துப் போடணும், போடலாமா?" என்றான். முந்நூறு பேர் இருக்கும் காலில் இதைக் கேட்டிருப்பானா? ரெண்டு வாரம் தள்ளிப்போடு, நான் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பன்னிரண்டாவது நாள் பதில் கிடைத்தது, போட்டான்.

ஆனால் இது மட்டும் போதாது. ஆறு லீடுகள் சொன்னால் ஆறு கதையாகிறது, நாளும் இழுக்கிறது. நான் மூன்று பேரிடம் பேசி முடிப்பதற்குள் ஹெச்ஆர் போர்ட்டலில் மேனேஜர் பெயரை மாற்றிவிட்டார்கள். நாலாவது ஆள் எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, "இது என்ன?" என்று ஒரே வரி கேட்டாள். அவளிடம் பழைய நம்பிக்கையைச் சம்பாதிக்க எனக்கு மாசக்கணக்கில் ஆனது.

ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் கடிதத்தை எடுப்பேன். மூன்றுக்கும் இடமிருந்தால் முந்தின நாள் லீடுகளுக்கு அதே கடிதம், கூடவே எது முடிவாகிவிட்டது, எது இன்னும் ஆகவில்லை, எந்தத் தேதிக்குள் ஆகும் என்று அரைப் பக்கம். மறுநாள் காலை எல்லாருக்கும் கடிதம், அன்றைக்கே தனிப்பேச்சு. யாரையாவது அனுப்புவதாக இருந்தால் அவர்களோடுதான் முதல் பேச்சு. பெரிய வீடியோ கால் ரெண்டு நாள் கழித்து, பெயர் போடாமல் முன்கூட்டியே எழுதி அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல மட்டும், அதையும் நம் பகலில் ஒரு தடவை, அமெரிக்கப் பகலில் ஒரு தடவை. போர்ட்டலில் பெயர் மாற்றுவது கடைசி ஆளிடம் பேசி முடித்த பிறகுதான்.