முதலீட்டைத் துரத்துவதா, ஊரைச் சீர்செய்வதா: நகரங்களுக்கு முன்னால் மூன்று வழிகள்

உலகச் சந்தையோடு பிணைந்துவிட்ட நகரங்களுக்குப் பொதுவாக மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன. பெரிய நிறுவனங்களை வரிச்சலுகை கொடுத்து வரவழைப்பது முதல் வழி. உலகமே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கட்டடத்தையோ விளையாட்டு விழாவையோ கொண்டுவருவது இரண்டாவது. வீடு, போக்குவரத்து, தண்ணீர், படிப்பு என்று இருக்கிற மக்களுக்கே செலவழிப்பது மூன்றாவது. மூன்றையும் செய்தால் என்ன என்று கேட்கலாம். நகர நிர்வாகத்திடம் பணமும் குறைவு, அதிகாரமும் குறைவு. வட்டி விகிதமோ இறக்குமதி வரியோ அதன் கையில் இல்லை. நிலம், கட்டட அனுமதி, சாலை, குழாய், பேருந்து, இவற்றில்தான் அதன் பேச்சு எடுபடும். அதனால் எது முதலில் என்று முடிவுசெய்தே ஆக வேண்டும். நான் மூன்றையும் ஒரே கேள்வியை வைத்துப் பார்க்கிறேன்: வந்தவர் நாளைக்கே கிளம்பிவிட்டால் ஊரில் என்ன மிஞ்சும்?

வரிச்சலுகைப் போட்டிக்கு அமேசானைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. 2017இல் இரண்டாவது தலைமையகத்துக்கு இடம் தேடுவதாக அந்த நிறுவனம் அறிவித்ததும் 238 விண்ணப்பங்கள் குவிந்தன. அமெரிக்க மாநிலமான நியூஜெர்சி 700 கோடி டாலர் வரை தருவதாகச் சொன்னது. மேரிலாந்து 850 கோடி டாலர் வரை போனது. 2018 நவம்பரில் தேர்வானவையோ நியூயார்க்கும் வர்ஜீனியாவின் ஆர்லிங்டனும். அள்ளிக் கொடுக்க முன்வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. திறமையான ஊழியர்கள் கிடைப்பதுதான் முக்கியக் காரணம் என்று அந்த நிறுவனமே சொன்னது. உள்ளூர் எதிர்ப்பு கிளம்பியதும் 2019 பிப்ரவரியில் நியூயார்க் திட்டத்தையும் கைவிட்டது.

இன்னொரு அமெரிக்க மாநிலமான விஸ்கான்சினின் கதை இன்னும் கசப்பானது. 1,000 கோடி டாலர் முதலீடு, 13,000 வேலை என்று 2017இல் தைவானின் மின்னணு உற்பத்தி நிறுவனமான ஃபாக்ஸ்கான் வாக்குறுதி தந்தது. மாநிலம் சுமார் 300 கோடி டாலர் சலுகைக்கு ஒத்துக்கொண்டது. மவுன்ட் பிளசன்ட் என்ற சிற்றூரில் நிலம் கையகப்படுத்தப்பட்டது, குடும்பங்கள் வீட்டைவிட்டுக் கிளம்பின, சாலையும் குடிநீர்க் குழாயும் போடப்பட்டன. சொன்ன தொழிற்சாலை சொன்னபடி வரவே இல்லை. 2021இல் ஒப்பந்தம் 67.2 கோடி டாலர் முதலீடு, 1,454 வேலை என்று சுருங்கியது. வேலை உருவானால்தான் சலுகை என்று எழுதியிருந்ததால் மாநிலத்துக்குப் பெரிய அடி விழவில்லை. நிலத்துக்கும் குழாய்க்கும் முன்கூட்டியே கடன் வாங்கிய உள்ளூர் நிர்வாகத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அப்புறம் அதே பகுதியில் தரவு மையம் கட்ட மைக்ரோசாஃப்ட் வந்தது உண்மைதான். ஆனால் கட்டி முடித்த தரவு மையத்துக்கு ஆட்கள் அதிகம் தேவைப்படாது.

இரண்டாவது வழியைப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஸ்பெயினின் பில்பாவோவைக் காட்டுவார்கள். கப்பல் கட்டுதலும் எஃகும் சரிந்து நொடித்துப்போயிருந்த ஊர், 1997இல் குகன்ஹைம் அருங்காட்சியகம் திறந்ததும் எழுந்து நின்றது என்பார்கள். இந்தக் கதையில் பாதியை விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். நச்சுக் கழிவு ஓடிய நெர்வியோன் ஆற்றைச் சுத்தப்படுத்தும் வேலை 1980களிலேயே தொடங்கிவிட்டது. மெட்ரோ 1995இல் ஓட ஆரம்பித்தது. துறைமுகம் ஊருக்கு வெளியே கடலை நோக்கி நகர்ந்தது. காலியான துறைமுக, ரயில்வே நிலங்களைச் சீரமைத்து விற்று, வந்த பணத்தை மறுபடி நகரத்திலேயே போடுவதற்காக 1992இல் ‘பில்பாவோ ரியா 2000’ என்ற பொது அமைப்பு உருவானது. போதாததற்கு, தன் வரியைத் தானே வசூலிக்கும் உரிமை பில்பாவோ இருக்கும் பாஸ்க் பகுதிக்கு உண்டு. இத்தனைக்கும் மேல் வந்து உட்கார்ந்ததுதான் அந்தப் பளபளக்கும் கட்டடம். பில்பாவோவைப் பார்த்துக் கட்டடத்தை மட்டும் நகலெடுக்கும் நகரம், வேர் இல்லாத கிளையைத்தான் நடுகிறது.

ஒலிம்பிக்கைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 1976 போட்டிக்காக மான்ட்ரியலில் வாங்கிய கடன் 2006இல்தான் அடைபட்டு முடிந்தது. பார்சிலோனா 1992 போட்டியைச் சாக்காக வைத்துச் சுற்றுச்சாலையும் கடற்கரையும் அமைத்துக்கொண்டது, அது நல்ல கெட்டிக்காரத்தனம். ஆனால் புகழோடு சுற்றுலாக் கூட்டமும் வந்தது, வாடகையும் ஏறியது. குடியிருப்புகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் சுமார் 10,000 உரிமங்களை 2028க்குள் முடித்துவிடுவதாக அதே நகரம் 2024இல் அறிவித்தது.

மூன்றாவது வழிக்கு வியன்னா. 1920களில் தொடங்கிய பொது வீட்டுவசதி, நடுவில் தடைபட்டாலும், இன்றும் தொடர்கிறது. நகரமே சுமார் 2,20,000 வீடுகளுக்கு உரிமையாளர். வீடுகளில் இவ்வளவு பெரிய பங்கு சந்தைக்கு வெளியே இருக்கும்போது, வெளியிலிருந்து முதலீடு பாய்ந்தாலும் வாடகை கண்டபடி ஏறாது. குறையும் உண்டு: அந்த நகரத்தில் ஒரு குறிப்பிட்ட காலம் வசித்தவரால்தான் நகராட்சி வீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். புதிதாக வந்த தொழிலாளி தனியார் வாடகையில் திணற வேண்டியதுதான். உலகமயமாகும் நகரத்தில் புதிதாக வருகிறவர்கள்தானே அதிகம்? இதைச் சின்னக் குறை என்று என்னால் தள்ள முடியவில்லை.

முதல் வழியும் மூன்றாவதும் கைகோத்த இடம் சிங்கப்பூர். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் வந்தது, வெளிநாட்டு முதலீட்டை அழைக்கும் பொருளியல் வளர்ச்சிக் கழகம் 1961இல் வந்தது. இன்று அங்கு வசிக்கும் குடிமக்கள், நிரந்தரவாசிகளில் ஐந்தில் நான்கு பேர் அளவுக்கு அரசு கட்டிய வீடுகளில் இருக்கிறார்கள். ஆனால் அது நகரமாகவும் நாடாகவும் ஒரே நேரத்தில் இருக்கிற இடம். நிலத்தில் பெரும்பகுதி அரசுடையது. மாநில அரசின் மானியத்துக்குக் காத்திருக்கும் மேயரால் அதை அப்படியே செய்துவிட முடியாது.

என் தேர்வு மூன்றாவது வழிதான். வீடும் மெட்ரோவும் பள்ளியும் யார் கிளம்பினாலும் ஊரிலேயே இருக்கும். அவற்றைப் பார்த்துத்தான் நிறுவனங்களும் வருகின்றன. சரி, சலுகை கொடுத்தே தீர வேண்டிய நிலை வந்தால்? வர்ஜீனியா செய்ததைப் பார்க்கலாம். வேலை உருவான பிறகே பணம் என்று எழுதிக்கொண்டது. கூடவே கணினித் துறைப் பட்டதாரிகளை அதிகமாக்கத் தன் பல்கலைக்கழகங்களில் முதலீடு செய்தது. 2023இல் ஆர்லிங்டனின் இரண்டாம் கட்டக் கட்டுமானத்தை அமேசான் தள்ளிவைத்தது. வராத வேலைக்கு மாநிலம் பணம் தர வேண்டியிருக்கவில்லை, வகுப்புகளும் நிற்கவில்லை.