சத்துவாச்சாரி மாடியில் நாலு ஞாயிறு யாப்பு வகுப்பு: போகலாமா?

போகலாம், ஆனால் மூன்றாவது வாரத்துக்கு மட்டும் பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

பள்ளியில் யாப்பு, அதாவது செய்யுள் இலக்கணம், அதில் வரும் அசைகளான நேர், நிரை என்றாலே பக்கத்தைத் திருப்பிவிடுகிற ஆள் நான். இங்கே பாடம் எடுப்பவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். சூத்திரத்தைத் தொடாமல், பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கூவுகிற மாதிரி "வேலூர் குடியாத்தம் ஆம்பூர்" என்று சொல்லச் சொன்னார். அசைகள் சேர்ந்தால் சீர்: வேலூர் (நேர் நேர்) தேமா, குடியாத்தம் (நிரை நேர் நேர்) புளிமாங்காய், ஆம்பூர் மறுபடி தேமா. மா முன் நிரை, காய் முன் நேர், ஆக வெண்டளை, அதாவது வெண்பாவில் சீரோடு சீர் சேர்கிற விதி, பிசகாமல் ஓடுகிறது! இத்தனை வருஷம் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு கேட்டது பாதி வெண்பா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சத்துவாச்சாரி மட்டும் நாலசைச் சீர், வெண்பாவுக்குள் விடமாட்டார்களாம். வகுப்பு நடக்கிற ஊருக்கே இடமில்லை.

இரண்டாவது வாரம் செப்பல், அகவல், துள்ளல், தூங்கல் என்று நாலு வகைப் பாக்களின் ஓசையையும் வாய்விட்டுப் படித்துக் காட்டினார், அதற்கே கொடுத்த 400 ரூபாய் தகும்.

மூன்றாவது வாரம்தான் சறுக்கல். பரணி, உலா, தூது, கலம்பகம், பள்ளு, குறவஞ்சி என்று சிற்றிலக்கிய வகைகள் எல்லாம் ஒரே மூச்சில், பெயர்ப்பட்டியல் மாதிரி. ஆற்றுப்படைக்கு ஒரே ஒரு வரி. எனக்கு அதுதான் தாங்கவில்லை. பரிசு வாங்கி வந்தவன் எதிரே வருகிறவனிடம், இந்த வழியாகப் போ, இன்னாரிடம் போனால் கிடைக்கும் என்று சொல்லி அனுப்புவதுதானே ஆற்றுப்படை, யோசித்தால் நான் இப்போது எழுதுவதும் அதே ஜாதிதான். பத்துப்பாட்டில் உள்ள ஐந்து ஆற்றுப்படைகளில் ஒன்றான மலைபடுகடாம், பழைய வட ஆற்காட்டுச் செங்கத்தை ஆண்ட நன்னனிடம் கூத்தர்களை அனுப்புகிறது. 583 அடி. வழியில் பாம்பு இருக்கும், பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், இன்ன இடத்தில் இன்ன சாப்பாடு கிடைக்கும் என்று அத்தனையும் அதில் உண்டு. நம்ம ஊர்ப் பாட்டை வைத்தே அந்த வாரம் முழுக்க ஓட்டியிருக்கலாம்.

அப்புறம் கையில் கொடுத்த தாளில் ஐக்கூவுக்கு 5-7-5 அசை என்று அச்சாகியிருக்கிறது. ஜப்பானியர் எண்ணுகிற ஒலியலகு வேறு, நம் அசை வேறு. கேட்டபோது ஐயா சிரித்துக்கொண்டே பேனாவால் அடித்துத் திருத்தினார், சரி, அந்தப் பெருந்தன்மைக்கு ஒரு மார்க்.

மின்விசிறி ஒன்றுதான், சுவரோரம் காற்றே வராது. ஏப்ரல், மே என்றால் சீக்கிரம் போய் நடுவில் இடம் பிடியுங்கள்.