மாப்பிள்ளைச் சம்பாவா, சிஆர் 1009-ஆ?

டெல்டாவில் சம்பா பட்டத்துக்கு நாற்றுவிடும் முன் பலரும் யோசிக்கும் கேள்வி இது. மாப்பிள்ளைச் சம்பா பாரம்பரிய நெல், சிஆர் 1009 ஆராய்ச்சி நிலையம் தந்த நெல் ரகம். இரண்டுமே ஏறக்குறைய 160 நாள் பயிர் என்பதால், வயதில் வித்தியாசம் இல்லை.

சிஆர் 1009 குட்டைப் பயிர், மகசூல் அதிகம். அதன் சப்-1 ரகம் இரண்டு வாரம் வரை வெள்ளத்தில் மூழ்கினாலும் மீளும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால் அரசின் நேரடி கொள்முதல் நிலையத்தில் போட்டுவிடலாம். கூட்டுறவுக் கடன் கட்ட வேண்டியவருக்கு அதுவே பெரிய நிம்மதி.

மாப்பிள்ளைச் சம்பா நெடுநெடுவென வளரும். யூரியா தூவினால் போச்சு, காற்றடித்ததும் சாய்ந்துவிடும். சாய்ந்த பயிரில் அறுவடை மெஷின் திணறும், சேற்றில் கிடக்கும் கதிர் முளைத்துவிடும். ரசாயன உரம் இல்லாமலே விளைவது அதன் பலம். பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டுப் பரப்பிய நெல் ஜெயராமன், விவசாயிகளுக்கு 2 கிலோ விதை கொடுத்து, மறு வருஷம் 4 கிலோவாகத் திருப்பி வாங்கினார். அந்த ஏற்பாட்டை நான் மனதார மதிக்கிறேன்.

ஆனால் மாப்பிள்ளைச் சம்பாவின் சிவப்பரிசியை வாங்க ஆள் பார்க்காமல் மொத்த நிலத்திலும் இறங்காதீர்கள். குத்தகை நிலமென்றால் 1009தான். சொந்த நிலமென்றால் ஒரு மா நிலத்தில் (ஏறக்குறைய ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) மாப்பிள்ளைச் சம்பா போடுங்கள். வீட்டுச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் கட்டிவரும்.