வளாகக் கட்டடங்களுக்கு எந்த வலை: எம்.எஸ்.டி.பி., ஐ.பி., லோராவான் – ஓர் ஒப்பீட்டு அலசல்

பழைய நிர்வாகக் கட்டடம், புது ஆய்வக பிளாக், நூலகம், அரங்கம், விடுதிகள், ஓர் ஓரத்தில் ஏ.சி.க்குக் குளிர்நீர் தரும் சில்லர் பிளாண்ட். பல்கலைக்கழக வளாகத்தில் பி.எம்.எஸ். (ஏ.சி. முதலான கட்டடக் கருவிகளைக் கவனிக்கும் கணினி அமைப்பு) பொறியாளரின் பொறுப்பில் பெரும்பாலும் இந்தக் கலவைதான் இருக்கும். ஒவ்வொரு கட்டடமும் வெவ்வேறு ஆண்டில் வெவ்வேறு ஒப்பந்ததாரர் கட்டியது. உள்ளே இருந்து கருவிகளை இயக்கும் கண்ட்ரோலரும் வேறு வேறு கம்பெனி. அடுத்த கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது கேள்வி எழும்: கண்ட்ரோலர்களை எதில் கோப்பது? ஆர்.எஸ்.-485 என்ற ஜோடிக் கம்பியில் ஓடும் பேக்நெட் (கண்ட்ரோலர்கள் பேசிக்கொள்ளும் பொது மொழி) எம்.எஸ்.டி.பி.யா, ஈத்தர்நெட்டில் ஓடும் பேக்நெட் ஐ.பி.யா, கம்பியே வேண்டாத லோராவானா?

விற்க வருகிறவர்கள் வேகத்தைச் சொல்லி ஐ.பி.யை முன்வைப்பார்கள். ஆனால் ஒரு வகுப்பறையின் வெப்பநிலை 1 டிகிரி மாறப் பல நிமிடங்கள் ஆகும். ஏ.ஹெச்.யூ.வின் (அறைகளுக்குக் குளிர்காற்றை அனுப்பும் பெட்டி) வால்வைத் திறந்து மூடும் கணக்கு அந்த ஏ.ஹெச்.யூ. கண்ட்ரோலருக்குள்ளேயே ஓட வேண்டும். வலை வழியாக ஓடக் கூடாது. அப்படி இருந்தால் வேகம் முதல் கேள்வியே அல்ல. ராத்திரியில் வலை நின்றுபோனால் ஏணி போட்டு ஏறுகிறவர் யார், அவர் கையில் என்ன கருவி இருக்கும் என்பதே முதல் கேள்வி. மூன்றையும் அந்தக் கண்ணோடுதான் இங்கே பார்க்கிறோம்.

எம்.எஸ்.டி.பி.: மல்டிமீட்டர் போதும் என்பதே பெரிய பலம்

பேக்நெட்டுக்கும் வளாகங்களுக்கும் பழைய உறவு உண்டு. 1987இல் ஆஷ்ரே (அமெரிக்க ஏ.சி. பொறியாளர் சங்கம்) இதற்கான குழுவை அமைத்தபோது அதன் தலைவராக இருந்த மைக்கேல் நியூமன், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். வெவ்வேறு கம்பெனிகளின் கண்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்பது நோக்கம். 1995இல் தரம் வெளியானது. எம்.எஸ்.டி.பி. அப்போதே அதில் இருந்தது. ஐ.பி. சில ஆண்டுகள் கழித்துச் சேர்ந்தது.

எம்.எஸ்.டி.பி.யில் ஒரே ஜோடிக் கம்பியில் எல்லாக் கண்ட்ரோலர்களும் வரிசையாகத் தொங்கும். ஒரே மைக்கைக் கைமாற்றிப் பேசும் கூட்டம் போல, டோக்கன் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் பேச முடியும். 38,400 பாடில் (விநாடிக்கு அவ்வளவு பிட்) ஒரு டோக்கன் கைமாற இடைவெளியும் சேர்த்துச் சுமார் 3 மில்லி விநாடி. 30 கண்ட்ரோலர் இருந்தால், யாருக்கும் பேச வேலையில்லாதபோது ஒரு சுற்று 0.1 விநாடி. 480 பைட் கொண்ட பெரிய பதில் ஒன்று போக மட்டும் 125 மில்லி விநாடி பிடிக்கும். அன்றாட வேலைக்கு இது தாராளம். இடிப்பது இரண்டு இடங்களில்: நூற்றுக்கணக்கான பாயிண்டுகளை (அளவு, கட்டளை ஒவ்வொன்றும் ஒரு பாயிண்ட்) நிமிடத்துக்கு ஒரு முறை பதிவுசெய்து ட்ரெண்ட் எடுக்கும்போது, கண்ட்ரோலருக்குப் புது ப்ரோக்ராம் ஏற்றும்போது. ஐ.பி.யில் சில விநாடிகளில் ஏறும் ஃபர்ம்வேர் இங்கே பொறுமையைச் சோதிக்கும்.

மாஸ்டரின், அதாவது டோக்கன் வாங்கிப் பேசும் கண்ட்ரோலரின், முகவரி 0 முதல் 127 வரை இருக்கலாம் என்று தரம் சொல்கிறது. அதை நம்பி ஒரு ட்ரங்கில் (ஒரே கம்பி வரிசையில்) 100 கண்ட்ரோலர் கோக்க வேண்டாம். 25 முதல் 30 வரை நிறுத்திக்கொள்வது நல்லது. எந்த முகவரி வரை தேடுவது என்று சொல்லும் மேக்ஸ் மாஸ்டர் என்ற அமைப்பை 127 என்று கம்பெனியிலிருந்து வந்தபடியே விட்டுவிடுவது வழக்கமான கோளாறு. கடைசி முகவரி 30 என்றால், அந்தக் கண்ட்ரோலர் 31 முதல் 127 வரை இல்லாத ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். கடைசி முகவரிக்கு இரண்டு மூன்று கூட்டி 33 என்று வைத்தால் போதும்.

கம்பியில்தான் எல்லாப் பிரச்சினையும். ஷீல்டு போட்ட முறுக்கு ஜோடி, சுமார் 120 ஓம் இம்பீடன்ஸ், மீட்டருக்கு 100 பிக்கோ ஃபாரட்டுக்குக் குறைவான கெப்பாசிட்டன்ஸ், மொத்த நீளம் 1,200 மீட்டருக்குள். இரண்டு முனையிலும் 120 ஓம் டெர்மினேஷன் (சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் ரெசிஸ்டர்). நடுவில் எங்கும் கூடாது. சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். ட்ரங்கில் உள்ள எல்லாக் கண்ட்ரோலருக்கும் பவரை நிறுத்திவிட்டு, பிளஸ்ஸுக்கும் மைனஸ்ஸுக்கும் நடுவே ஓம் பாருங்கள். 60ஐ ஒட்டி வந்தால் சரி. 120 வந்தால் ஒரு முனையில் டெர்மினேஷன் இல்லை, அல்லது வழியில் கம்பி அறுந்திருக்கிறது. 40 வந்தால் நடுவில் ஏதோ ஒரு கண்ட்ரோலரின் டிப் ஸ்விட்ச் ஆனில் இருக்கிறது. பவர் வந்த பிறகு, யாரும் பேசாத நேரத்தில் இரு கம்பிக்கும் நடுவே குறைந்தது 200 மில்லி வோல்ட் டி.சி. இருக்க வேண்டும், இல்லையென்றால் பயாஸ் (யாரும் பேசாதபோது கம்பியை நிலையாக வைக்கும் சிறு மின்னழுத்தம்) இல்லை.

மற்ற கோளாறுகளும் பழகிய முகங்கள்தான். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே கேபிளை மிச்சப்படுத்த நடுவிலிருந்து கிளை இழுத்திருப்பார்கள். அந்தக் கிளையில் எதிரொலி கிளம்பி, வாரத்துக்கு ஒரு முறை மட்டும் கண்ட்ரோலர் காணாமல் போகும். இரண்டு கண்ட்ரோலருக்கு ஒரே முகவரி இருந்தால் இரண்டும் மாறி மாறி வந்து போகும், கூடவே பக்கத்திலிருப்பவையும் விழும். ஷீல்டை இரு முனையிலும் எர்த் செய்தால் வி.எஃப்.டி.யின் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) இரைச்சல் உள்ளே ஏறும்; ஒரு முனையில் மட்டும் எர்த் செய்து, நடுவில் ஷீல்டோடு ஷீல்டு சேர்த்து டேப் சுற்ற வேண்டும்.

24 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அறைக்கு அறை காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் வி.ஏ.வி. பெட்டிகளின் கண்ட்ரோலர்களில் பல ஹாஃப்-வேவ் (மின்சார அலையில் பாதியை மட்டும் எடுக்கும்) பவர் சப்ளை கொண்டவை. அவற்றின் 24 வோல்ட் காமனும் சிக்னல் காமனும் உள்ளே ஒன்றுதான். ஒரே ட்ரான்ஸ்ஃபார்மரில் நான்கு கண்ட்ரோலர் தொங்கும்போது ஒன்றில் மட்டும் இரண்டு கம்பியும் இடம் மாறினால் செகண்டரி ஷார்ட் ஆகும். ஃப்யூஸ் போனால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் ஆர்.எஸ்.-485 சிப் போகும். எல்லா பேனலிலும் காமனுக்கு ஒரே நிறக் கம்பி என்று முதல் நாளே எழுதி ஒட்டிவிடுங்கள். ஃபுல்-வேவ் கண்ட்ரோலருக்குத் தனி ட்ரான்ஸ்ஃபார்மர் கொடுங்கள்.

இவ்வளவு கோளாறு இருந்தும் எம்.எஸ்.டி.பி.யை விரும்பக் காரணம், இவை எல்லாவற்றையும் வளாகத்தின் சொந்த எலெக்ட்ரீஷியனே கண்டுபிடித்துவிட முடியும் என்பதுதான். வேறொரு துறைக்கு டிக்கெட் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஐ.பி.: கம்பி எளிது, உரிமை சிக்கல்

ஐ.பி. கண்ட்ரோலரில் டெர்மினேஷன், பயாஸ், மேக்ஸ் மாஸ்டர் எதுவும் கிடையாது. ஒரு பதிலில் 480க்குப் பதில் 1,476 பைட் வரை போகும். ஆண்டு முழுக்க ட்ரெண்ட் எடுத்து ஆற்றல் ஆய்வு செய்ய நினைக்கும் வளாகத்துக்கு இது பெரிய வசதி. மாணவர் ஆய்வுக்குத் தரவு கேட்டு வரும் பேராசிரியர்களுக்கும் ஐ.பி. இருந்தால் மறுப்புச் சொல்ல வேண்டியதில்லை.

கேபிள் கணக்கைப் பாருங்கள். நான்கு மாடி, 60 வி.ஏ.வி. கொண்ட ஒரு பிளாக். ஒவ்வொன்றுக்கும் தனி கேட்-6, சராசரி 40 மீட்டர் என்றால் 2,400 மீட்டர் கேபிள், 60 ஸ்விட்ச் போர்ட். அதே கட்டடம் எம்.எஸ்.டி.பி.யில் இரண்டு மூன்று ட்ரங்க், எழுநூறு எண்ணூறு மீட்டர். இரண்டு போர்ட் உள்ள ஐ.பி. கண்ட்ரோலர் வாங்கி ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இழுத்தால் கேபிள் நீளம் ஏறத்தாழ சமமாகிவிடும். ஆனால் நடுவில் ஒன்று பவர் இழந்தால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் இருட்டு. அதற்காக வளையமாகச் சுற்றி ஸ்விட்ச்சில் முடிப்பார்கள். வளையம் இயங்க ஆர்.எஸ்.டி.பி. (செய்தி வளையத்தில் சுற்றிக்கொண்டே இருக்காமல் தடுக்கும் விதி) வேண்டும், அதற்குக் கருவிகள் பி.பி.டி.யூ. என்ற சிறு செய்தியை அனுப்பும்; வளாகக் கணினித் துறையோ அக்சஸ் போர்ட்டில் அதைத் தடுக்கும் பி.பி.டி.யூ. கார்டு போட்டிருக்கும். கண்ட்ரோலர் முதல் பி.பி.டி.யூ.வை அனுப்பிய கணமே ஸ்விட்ச் அந்த போர்ட்டை மூடிவிடும். கண்ட்ரோலரிலும் கோளாறு இல்லை, கேபிளிலும் இல்லை. கணினித் துறையோடு முன்பே உட்கார்ந்து பேசாததுதான் கோளாறு.

அடுத்தது பி.பி.எம்.டி., பிராட்காஸ்ட்டை ஒரு வலையிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச் செல்லும் ஏற்பாடு. பேக்நெட் ஐ.பி. ஆளைத் தேடுவது எல்லாருக்கும் கேட்கும் பிராட்காஸ்ட்டில், யூ.டி.பி. போர்ட் 47808. கட்டடத்துக்கு ஒரு வி.லேன் (தனியாகப் பிரித்த வலை, அதாவது ஒரு சப்நெட்) என்று பிரித்திருந்தால் பிராட்காஸ்ட் ரௌட்டரைத் தாண்டாது. ஆகவே ஒவ்வொரு சப்நெட்டிலும் ஒரு பி.பி.எம்.டி. வைக்க வேண்டும்; ஒன்றே ஒன்று. புதிதாக வந்த ஒப்பந்ததாரர் தன் கண்ட்ரோலரிலும் பி.பி.எம்.டி.யை ஆன் செய்துவிட்டால் ஒரே செய்தி இரண்டு மூன்றாகப் பெருகி வலை திணறும். பி.பி.எம்.டி. பட்டியல் எல்லாக் கட்டடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே ஓர் ஐ.பி. முகவரி மாறினாலும் எல்லாவற்றிலும் திருத்த வேண்டும். அதனால்தான் முகவரியைத் தானாகக் கொடுக்கும் டி.ஹெச்.சி.பி. வேண்டாம், நிலையான முகவரி கேளுங்கள் என்கிறோம்.

எண் திட்டத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். டிவைஸ் இன்ஸ்டன்ஸ், அதாவது கண்ட்ரோலரின் அடையாள எண், 0 முதல் 4194302 வரை, வளாகம் முழுக்க ஒரு முறைதான் வரலாம். 12ஆம் கட்டடம், 3ஆம் ட்ரங்க், 7ஆம் முகவரி என்றால் 120307. அந்த ட்ரங்கின் நெட்வொர்க் எண் 1203. திரையில் எண்ணைப் பார்த்ததுமே எந்தக் கட்டடத்துக்கு ஓடுவது என்று தெரியும். இரண்டு கட்டடத்தில் நெட்வொர்க் எண் 1 என்றே விட்டு வைத்திருந்தால், இரண்டும் வளாக வலையில் சேரும் நாளில்தான் குழப்பம் வெளியே வரும்.

மின்வெட்டு நம் ஊர் வளாகங்களில் தனிக் கவலை. ஜெனரேட்டர் ஏற்கும் சில விநாடி இடைவெளியில் எல்லாம் அணைந்து எழும். எம்.எஸ்.டி.பி. கண்ட்ரோலர் சீக்கிரம் எழுந்துவிடும். மேனேஜ்டு ஸ்விட்ச் எழப் பல நிமிடம் ஆகும். அதுவரை திரையில் கட்டடமே சிவப்பு, அலாரம் மழை. ஸ்விட்ச்சுக்குச் சிறு யூ.பி.எஸ்., அலாரத்துக்கு 5 நிமிடத் தாமதம் இரண்டும் டெண்டரிலேயே இருக்கட்டும். ஏ.ஹெச்.யூ.க்கள் ஒன்றன்பின் ஒன்றாக 15, 30 விநாடி தள்ளி எழும் ஏற்பாடு அந்தந்தக் கண்ட்ரோலரின் சொந்த டைமரில் இருக்க வேண்டும். வலை திரும்பி வரக் காத்திருக்கக் கூடாது.

பாதுகாப்பில் ஐ.பி.தான் மிகப் பலவீனம் என்பதை மறைக்கக் கூடாது. சாதாரண பேக்நெட் ஐ.பி.யில் கடவுச்சொல் சோதனையே கிடையாது, அந்த வி.லேனுக்குள் வந்தவர் யாரும் சில்லரை நிறுத்த எழுதலாம். விடுதி வைஃபையிலிருந்து பி.எம்.எஸ். வி.லேனுக்கு வழியே இருக்கக் கூடாது. 2019இல் வந்த பேக்நெட் எஸ்.சி. இதற்கு டி.எல்.எஸ். (செய்தியை மறைகுறியாக்கும் முறை), டிஜிட்டல் சான்றிதழ் என்று தீர்வு தருகிறது, பிராட்காஸ்ட்டும் பி.பி.எம்.டி.யும் அங்கே தேவையில்லை. பதிலுக்குச் சான்றிதழ்களைப் புதுப்பிக்கும் பொறுப்பு வரும். காலாவதித் தேதியை யாரும் குறித்துவைக்காவிட்டால் ஒரே நாளில் எல்லாக் கண்ட்ரோலரும் பேச மறுக்கும். கட்டடங்களுக்கு இடையே ஓடும் பாதைக்கு எஸ்.சி. போடுவது இப்போதே தகும்.

லோராவான்: பார்க்க மட்டும், ஆள அல்ல

லோராவான் சென்சார்கள் சிறு செய்திகளை ரேடியோவில் அனுப்பும்; இந்தியாவில் 865–868 மெகா ஹெர்ட்ஸில் உரிமம் இல்லாமல் இயங்கலாம். உயரமான கட்டடத்தின் மொட்டை மாடியில் அவற்றை வாங்கிக்கொள்ளும் கேட்வே வைத்தால், சுவரை இடிக்காமல், கான்ட்யூட் இழுக்காமல் வகுப்பறை கார்பன் டை ஆக்சைடு, நூலக ஈரப்பதம், விடுதித் தண்ணீர்த் தொட்டி மட்டம் எல்லாம் வந்துவிடும். பழைய கல் கட்டடங்களுக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

ஆனால் பேட்டரி சென்சார் தான் பேசி முடித்த உடனேதான் காது கொடுக்கும். இடையில் கூப்பிட்டால் கேட்காது. சிக்னல் பலவீனமான இடத்திலிருந்து ஒரு சிறு செய்தி போகவே ஒரு விநாடிக்கு மேல் ஆகும். எனவே 10 அல்லது 15 நிமிடத்துக்கு ஒரு முறை அளவு சொல்லும் வேலைக்கு மட்டுமே இது. தகரம் அடைத்த சில்லர் அறையிலும் அடித்தளத்திலும் சிக்னலை அளந்து பார்க்காமல் வாங்காதீர்கள்.

அதிகம் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. சென்சார் செத்தாலும் பி.எம்.எஸ். திரையில் கடைசி மதிப்பு அப்படியே நிற்கும். 24.1 டிகிரி என்று மூன்று வாரமாக நின்ற அறையை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மூன்று முறை தொடர்ந்து செய்தி வராவிட்டால் பாயிண்டை ஃபால்ட் என்று குறிக்கும் விதியை கேட்வேயில் எழுதுங்கள். பேட்டரியையும் ஆள் கணக்கில் சேருங்கள்: 400 சென்சார், 5 ஆண்டு ஆயுள் என்றால் ஆண்டுக்கு 80 மாற்றம். கார்பன் டை ஆக்சைடு சென்சார் தானே திருத்திக்கொள்ள, இடையிடையே அறை காலியாகி வெளிக்காற்று அளவுக்கு, சுமார் 400 பி.பி.எம்.க்கு, இறங்க வேண்டும். 24 மணி நேரமும் ஆள் இருக்கும் ஆய்வகத்தில் அது நடக்காது, அளவு மெல்ல விலகும்.

எந்தக் கட்டடத்துக்கு எது

சில்லர் பிளாண்ட், பெரிய ஏ.ஹெச்.யூ.க்கள்: ஐ.பி. பாயிண்டுகள் அதிகம், ட்ரெண்ட் வேண்டும், எண்ணிக்கையில் சில கண்ட்ரோலர்தான். வி.ஏ.வி., எஃப்.சி.யூ. (அறையிலேயே வைக்கும் சிறு குளிர்விப்பான்): ஏற்கெனவே நல்ல ட்ரங்க் இருந்தால் எம்.எஸ்.டி.பி.யிலேயே இருக்கட்டும், அதைப் பிடுங்கி கேட்-6 போடும் பணத்தில் வால்வைத் திருப்பும் பழுதான ஆக்சுவேட்டர்களை மாற்றலாம். புதுக் கட்டடம், கணினித் துறை எழுத்தில் பொறுப்பேற்கிறது என்றால் முழு ஐ.பி. விடுதி, பழைய வகுப்பறை: லோராவான் அளவீடு மட்டும்.

கட்டடத்துக்குக் கட்டடம் ஆர்.எஸ்.-485 செம்புக் கம்பி இழுப்பதை எந்தச் சூழலிலும் ஏற்க வேண்டாம். அந்தக் கம்பி தாங்குவது மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட் வரைதான். பக்கத்தில் இடி விழுந்தால் இரண்டு கட்டடத்தின் எர்த் நடுவே அதைவிடப் பல மடங்கு எழும். அங்கே ஃபைபர் மட்டுமே. ஆய்வகத்தின் ஃப்யூம் ஹூட் (நச்சுப் புகையை உறிஞ்சும் அடைப்பு) இந்த ஒப்பீட்டுக்கே வராது: கதவைத் தூக்கிய விநாடிகளில் முகப்புக் காற்று வேகம் விநாடிக்கு 0.5 மீட்டர் அளவுக்கு நிலைக்க வேண்டும். அது சென்சாரிலிருந்து காற்றை மறிக்கும் டாம்பருக்கு நேரடிக் கம்பி. வலை வெறும் பார்வையாளர்.

ஒப்படைப்புச் சோதனையாக டெண்டரில் மூன்று வரி சேருங்கள். எம்.எஸ்.டி.பி. என்றால் ஒவ்வொரு ட்ரங்குக்கும் ஓம் அளவும் முகவரி வரைபடமும். ஐ.பி. என்றால் வேலை நேரத்தில் மாடி ஸ்விட்ச்சை 10 நிமிடம் அணைத்துவைத்து, ஏ.ஹெச்.யூ.க்கள் செட்பாயிண்ட்டை விடாமல் ஓடுவதைக் காட்டுதல். லோராவான் என்றால் ஒரு சென்சாரின் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் திரையில் ஃபால்ட் தெரிதல். மூன்றையும் ஒப்பந்ததாரர் செய்து காட்டிய பிறகு கடைசித் தவணையை விடுவியுங்கள்.