பூட் பகுதியில் இடமில்லை

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அம்பத்தூர் நண்பரின் கணினியோ விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகள் இல்லாத பழைய பெட்டி. "நீங்கள் இத்தனை வருடமாக லினக்ஸ்தானே வைத்திருக்கிறீர்கள், நானும் மாறிவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். சென்ற டிசம்பரில் என் கணினி பட்ட பாட்டைச் சொல்லாமல் இதற்குப் பதில் சொன்னால் அது நேர்மையாகாது.

திருவல்லிக்கேணியில் புத்தக வடிவமைப்பு என் தொழில். ஜனவரிப் புத்தகக் காட்சிக்கான வேலைகள் டிசம்பரில்தான் வந்து குவியும். ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஒரு பதிப்பகம் அனுப்பிய கோப்பு என்னிடமிருந்த பழைய பதிப்பில் திறக்கவில்லை. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் வழிவந்த என் லினக்ஸையே அடுத்த பதிப்புக்கு மேம்படுத்தினேன். பாதி வழியில் பிழைச்செய்தி வந்தது. மறுதொடக்கம் செய்ததும் கருந்திரையில் கெர்னல் பேனிக், அதாவது லினக்ஸின் மையமான கெர்னல் மேற்கொண்டு நகர முடியாமல் நின்றுவிட்டது: கணினியின் கோப்புகளெல்லாம் இருக்கும் ரூட் கோப்பமைப்பை ஏற்ற முடியவில்லையாம்.

என் கோபமெல்லாம் கணினி எழத் தேவையான கோப்புகள் இருக்கும் பூட் பகுதியின் மீதுதான். கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி வட்டைக் குறியாக்கம் செய்து நிறுவினால், கெர்னலை வைக்க நிறுவியே தனியாக ஒரு சிறிய பகுதியை ஒதுக்குகிறது. என்னுடையது ஒரு ஜிபியைக்கூடத் தொடாது. ஒவ்வொரு கெர்னலுக்கும் ஓர் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு உண்டு. கடவுச்சொல் கேட்டு வட்டைத் திறப்பது அதுதான். பழைய கெர்னல்கள் இரண்டு மூன்று தங்கிவிட்டால் இடம் தீர்ந்துவிடும். புதிய கெர்னல் எழுதப்பட்டது. அதற்கான இனிட்ராம்எஃப்எஸ் உருவாகும்போது இடமில்லை. அதைச் சொன்ன ஒற்றை வரி, ஓடிக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே போய்விட்டது. கடைசியில் வந்ததோ "சில பிழைகளுடன் முடிந்தது" என்ற செய்தியும் மறுதொடக்கப் பொத்தானும். கணினி எழாது என்பது தெரிந்திருக்க வேண்டிய கருவி அந்தப் பொத்தானைக் காட்டலாமா? இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கணினி எழும்போது எந்தக் கெர்னல் என்று தேர்ந்தெடுக்கவிடும் கிரப் பட்டியலிலிருந்த பழைய கெர்னலும் வெறும் கருந்திரையில் நின்றது. பென் டிரைவ் வாங்க ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரர் விவரம் கேட்டுவிட்டு, "ஃபார்மட் செய்துவிடலாம் சார்" என்றார். அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் ஃபார்மட் செய்யத் தேவையே இல்லை; லினக்ஸை நான் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணமும் அதுதான்.

நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் லைவ் பென் டிரைவில் துவக்கி, குறியாக்கம் செய்த வட்டைத் திறந்து, ரூட் பகுதியையும் பூட் பகுதியையும் உரிய இடங்களில் ஏற்றி, சிஎச்ரூட் என்ற கட்டளை வழியாக என் கணினிக்குள்ளேயே நுழைந்தேன். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வட்டைத் திறக்கும்போது கொடுக்கும் பெயரும் குறியாக்கம் செய்த வட்டுகளைப் பட்டியலிடும் கிரிப்ட்டேப் கோப்பிலுள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால் புதிய இனிட்ராம்எஃப்எஸ் அந்த வட்டை அறியாமலே உருவாகிவிடும். மறுபடி அதே கருந்திரைதான். பழைய கெர்னல் ஒன்றை நீக்கியதும் இடம் கிடைத்தது. பிறகு மென்பொருள்களை நிறுவும் டிபிகேஜியிடம் மிச்ச வேலையை முடிக்கச் சொன்னேன். 1994-இல் இயன் மர்டாக் டெபியனுக்காக எழுதத் தொடங்கிய கருவி அது. எந்த மென்பொருள் பொதி பிரிக்கப்பட்டது, எது பாதி உள்ளமைவில் நிற்கிறது என்று ஒவ்வொன்றையும் குறித்து வைத்திருக்கிறது. நேற்று விட்ட செங்கல் வரிசையிலிருந்து கொத்தனார் சுவரைத் தொடர்வதுபோல வரிசையாக முடித்துக்கொண்டே போனது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் கிரப்பையும் புதுப்பித்து மறுதொடக்கம் செய்தேன், கடவுச்சொல் கேட்டது. என் பக்கங்கள், எழுத்துருக்கள், தமிழ்99 விசைப்பலகை எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. பதிப்பகத்தின் கோப்பும் திறந்தது.

இவ்வளவு பாராட்டிவிட்டும், நண்பரே, உங்களுக்கு இன்று என் பதில் "மாற வேண்டாம்" என்பதுதான். பூட் பகுதி இப்படிச் சத்தமில்லாமல் நிறைகிறவரை, மீட்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாத வீட்டுக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. நான் வேறெதற்கும் மாறப்போவதில்லை, அது வேறு விஷயம். அப்படியும் நீங்கள் பிடிவாதமாக இருந்தால், தனியாக நிறுவாதீர்கள். பெட்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே எடுத்து வாருங்கள். முதல் வேலையாகப் பூட் பகுதிக்கு 2 ஜிபி ஒதுக்கிவிட்டுத்தான் மற்றதைத் தொடுவேன்.