வீட்டு சர்வருக்கு ஹார்ட் டிஸ்க் கேஜ்: 5-இன்-3யா, 4-இன்-3யா, பட்டறையில அடிச்சதா? கடலோரத்துக்கு எது தாங்கும்

எங்க வீடு மணவாளக்குறிச்சியில, கடலுக்கு நடந்து போற தூரம்தான். ராத்திரி ஜன்னல தொறந்து போட்டா காலைல கண்ணாடி பிசுபிசுன்னு கெடக்கும், கிரில்லுக்கு வருசா வருசம் பெயிண்ட் அடிச்சாலும் துரு கசிஞ்சு செவுத்துல எறங்கிரும். கேஜ்னா ஹார்ட் டிஸ்க் டிரைவ அடுக்கி மாட்டுக கூடு, 5-இன்-3ன்னா மூணு டிவிடி டிரைவ் எடத்துல (பே) அஞ்சு டிரைவ், 4-இன்-3ன்னா நாலு. அத வாங்குகதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னா, எல்லாருமே எத்தன டிரைவ் புடிக்கும், என்ன வெலைன்னுதான் பாக்காங்க, நம்ம ஊருல அதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது ரெண்டு: காத்து எந்த வழியா போகுது, டிரைவுக்கும் மதர்போர்டுக்கு போற கேபிளுக்கும் நடுவுல எத்தன தொடுப்பு இருக்கு. மூணு மாதிரி கேஜ் மாட்டிப் பாத்த பொறவுதான் எனக்கு இது மண்டையில ஏறிச்சு.

எனக்க சர்வர் பழைய டவர் கேபினெட், முன்னாடி டிவிடி டிரைவ் மாட்டுகதுக்குன்னு ஆறு 5.25 இன்ச் பே இருக்கு. உள்ள இருக்கது அண்ணன் எடுக்க கல்யாண வீடியோ, வீட்டு போட்டோ, அம்மா பழைய கேசட்டுல இருந்து மாத்தி வச்ச பாட்டு. ஒண்ணு போனாலும் திரும்பி வராது.

மொதல்ல அளவு, இத ஒருக்கா பேப்பர்ல போட்டுப் பாருங்க, பாதி குழப்பம் தீந்துரும். ஒரு பே ஒசரம் 41 மி.மீ. சொச்சம், மூணு சேந்தா 124, அகலம் 146. ஒரு 3.5 இன்ச் டிரைவ் தடிப்பு 26 மி.மீ., அகலம் 101.6. 5-இன்-3ல அஞ்சு டிரைவயும் நட்டமா நிறுத்துகாங்க, அப்போ டிரைவுக்கே 130 மி.மீ. போயிருது, மிச்சம் இருக்கது வெறும் 16, அதுலயும் ட்ரே, ரெண்டு பக்க தகடு எல்லாம் இருக்கணும். ரெண்டு டிரைவுக்கு நடுவுல காத்து போக ரெண்டு மூணு மில்லிதான் கெடைக்கும். 4-இன்-3ல நாலையும் படுக்கப் போட்டு அடுக்குகாங்க, 104 போக 20 மி.மீ. கிட்ட மிச்சம், அது போக பக்கவாட்டுல 44 மி.மீ. வெறுமனே கெடக்கு. மூணு பே ஒசரம் 124ங்கறதால முன்னாடி 120 மி.மீ. ஃபேன் ஒண்ணு கச்சிதமா உக்காரும். பெரிய ஃபேன் பைய சுத்தினாலே போதுமான காத்து வரும், சத்தமும் இல்ல. 5-இன்-3ல அனேகமா பின்னாடி 80 இல்லன்னா 92 மி.மீ. ஃபேன் இருக்கும், அது பேக்பிளேன்ல (டிரைவ் எல்லாம் போய் குத்துக பின்பக்க போர்டு) இருக்க ஓட்ட வழியா காத்த உறிஞ்சி எடுக்கணும், அதனால வேகமா சுத்தியே ஆகணும், சர்வர் ரூமுக்கு அது கொள்ளாம், பக்கத்து கட்டில்ல ஆளு படுத்து ஒறங்குக எடத்துக்கு ஆகாது.

3-இன்-2 பத்தி அதிகம் பேச ஒண்ணும் இல்ல. ரெண்டு பே ஒசரம் 82 மி.மீ. சொச்சம், மூணு டிரைவுக்கு 78, மிச்சம் நாலு. எடம் இல்லாதவங்களுக்கு மட்டும்.

5-இன்-3 வாங்குகவங்க இன்னொண்ணு பாத்துக்கிடணும், பழைய கேபினெட் பல்லதுலயும் ஒவ்வொரு பேக்கும் நடுவுல தகரத்துல சின்ன நாக்கு நீட்டிக்கிட்டு இருக்கும், மூணு பே அளவுக்கு ஒரே பொட்டியா இருக்க கேஜ் அதுல இடிச்சு உள்ள போகாது. கட்டிங் பிளேயர வச்சு அத்தனையும் மடக்கணும், மடக்கின எடத்துல பெயிண்ட் உதிரும், எங்க ஊரு காத்துல ஆறே மாசத்துல அங்க துரு பூத்துச்சு.

நான் மொதல்ல வாங்கினது 5-இன்-3 ஹாட் ஸ்வாப் (சர்வர நிறுத்தாமலே டிரைவ மாத்துக ரகம்) கேஜ்தான், கம்பெனி பேரு வேண்டாம். ட்ரேய இழுத்தா டிரைவ் வரும், தள்ளினா உக்காரும், பாக்கவே ஆசையா இருக்கும். முதல் மழக்காலம் முடிஞ்ச பொறவு ஸ்மார்ட் பக்கத்துல (டிரைவ் தனக்க நெலமைய தானே குறிச்சு வைக்க பட்டியல்) 199ஆம் வரி, யூடிஎம்ஏ சிஆர்சி எரர் கவுண்ட்னு இருக்கும்லா, டேட்டா வர்ற வழியில நடந்த தப்போட எண்ணிக்க, அது ரெண்டாவது பேல இருந்த டிரைவுக்கு மட்டும் ஏறிக்கிட்டே வந்துச்சு. தட்டுல கெட்டுப்போன எடத்தக் காட்டுக 5ஆம் வரியும் 197ஆம் வரியும் சுத்தமா பூஜ்யம், அப்போ தட்டுல கொறையில்ல, டேட்டா வர்ற வழியிலதான் கொறை. கேபிள் மாத்தினேன், போர்ட் மாத்தினேன், நிக்கல. அந்த டிரைவ நாலாவது பேல போட்டா எரர் நின்னுது, வேற டிரைவ ரெண்டாவதுல போட்டா அதுக்கு ஏறுது. ட்ரேய உருவிட்டு டார்ச் அடிச்சுப் பாத்தேன். பேக்பிளேன் கனெக்டர்ல மத்த பின் எல்லாம் மஞ்சளா மின்னுது, ஓரத்துல ரெண்டு பின்னுல மட்டும் மங்கலா பச்சையா ஒரு படலம், ஊசி முனை அளவுதான் இருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வச்சு தொடச்சேன், ஒரு மாசம் அமைதியா இருந்துச்சு, திரும்ப ஆரம்பிச்சிருச்சு. அந்த எண்ணிக்க ஒருக்கா ஏறினா எறங்காது, அதனால எண்ண குறிச்சு வச்சு ஏறுதா இல்லையான்னுதான் பாக்கணும், பலபேரு பழைய எண்ணப் பாத்தே வெப்ராளப்பட்டு நல்ல டிரைவ மாத்திருகாங்க.

பேக்பிளேன் இருந்தா டிரைவுக்கும் பேக்பிளேனுக்கும் ஒரு தொடுப்பு, பேக்பிளேனுக்கும் கேபிளுக்கும் இன்னொரு தொடுப்பு. பேக்பிளேன் இல்லாத 4-இன்-3ல கேபிள நேரா டிரைவுல குத்துகோம், ஒண்ணே ஒண்ணு, கெட்டா கேபிள மட்டும் மாத்தினா முடிஞ்சுது. கூலர் மாஸ்டர் விட்ட 4-இன்-3 இந்த ரகம்தான், முன்னாடி 120 ஃபேன், உள்ள வெறும் தகரக் கூடு. எனக்கு இப்போ இதுதான் புடிச்சிருக்கு. டிரைவ மாத்தணும்னா சர்வர நிறுத்தி கேஜயே வெளிய எடுக்கணும், அது தொல்லதான், ஆனா வருசத்துக்கு ஒருக்காவோ ரெண்டு தடவையோ செய்யுக வேலைக்காக மீதி நாளெல்லாம் கஷ்டப்பட முடியாது.

சூடு விஷயத்துல ரொம்ப பயப்படவும் வேண்டாம். 2007ல கூகுள் ஒரு லட்சத்துக்கு மேல டிரைவ வச்சு வெளியிட்ட ஆய்வுல, ரொம்ப சூடான டிரைவுலயும் வயசான டிரைவுலயும்தான் சூட்டோட பாதிப்பு தெளிவா தெரிஞ்சுது. ஆனா நம்ம வீட்டு சர்வருல இருக்கது பூரா வயசான டிரைவுதானே, சித்திர வெயில்ல ஓட்டு வீட்டுக்குள்ள 5-இன்-3ல நடு டிரைவ் 50ஐத் தாண்டிச்சு, 4-இன்-3ல அதே டிரைவ் 44ல நிக்குது.

குலசேகரத்துல சித்தி மகன் வச்சிருக்கான் 5-இன்-3, ரப்பர் தோட்டத்துக்கு நடுவுல வீடு, ஈரம் உண்டு, உப்பு கெடையாது. மூணு வருசமா ஒரு எரர் இல்ல. "அண்ணே, நீங்க கடலுக்குள்ள வீட்ட வச்சுக்கிட்டு கேஜ குத்தம் சொல்லுகீங்க"ங்கான், அவனுக்க பேச்சுலயும் ஞாயம் இருக்கு. அவன் மாசா மாசம் ஒரு டிரைவ உருவி பேக்கப்புக்கு எடுத்துட்டுப் போறவன், அவனுக்கு ஹாட் ஸ்வாப்தான் செரி, பயாஸ்ல ஏஹெச்சிஐயும் (சாட்டா டிரைவ் ஓடுக ஒரு முறை) ஹாட் பிளக்கும் ஆன்ல இருக்கணும், அவ்வளவுதான்.

மூணாவது பட்டறைக் கேஜ். நாகர்கோவில் கோட்டாறு பக்கம் ஒரு பட்டறையில அளவு எழுதின பேப்பரக் கொண்டு கொடுத்தேன், அந்த அண்ணன் ஊரக் கேட்டதுமே "தம்பி, இரும்பு வேண்டாம், உங்க ஊருக்கு ரெண்டு மழை தாங்காது, அலுமினிய ஆங்கிள்ல பண்ணுவோம்"னாரு. நல்லா பண்ணிக் கொடுத்தாரு, டிரைவுக்கு நடுவுல 10 மி.மீ. விடச் சொன்னேன், காத்துல இதுதான் முதலிடம். பக்கவாட்டு ஓட்ட முன்னயும் பின்னயும் 101.6 மி.மீ. இடைவெளி, பெரிய சைஸ் டிரைவு பல்லதுல நடு ஓட்ட கெடையாது, அத நம்பி துளை போடாதீங்க. ஸ்க்ரூ 6-32, எஸ்எஸ்டிக்கு போடுக எம்3 இதுல லூசா ஆடும். ஸ்டீல் ஸ்க்ரூ அலுமினியத்தத் தொடுக எடத்துல உப்புக் காத்து பட்டா வெள்ளப் பொடி பூக்கும், அதுக்கு நடுவுல ரப்பர் வாஷர் போட்டேன், அதிர்வும் கொறஞ்சுது. கொறை என்னன்னா எட்டு டிரைவுக்கு பண்ணினது கேபினெட்டுக்குள்ள போகல, வெளிய மேசையிலதான் நிக்குது. 3டி பிரிண்ட் கேஜும் கேட்டுப் பாத்தேன், அதுக்கு போடுக பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரிகிட்ட எளகிரும், வேண்டாம்னு விட்டுட்டேன்.

எந்தக் கேஜ்னாலும் பவர்ல வெளையாடாதீங்க. டிரைவ் சுத்த ஆரம்பிக்கும்போது 12 வோல்ட்ல ரெண்டு ஆம்பியர் கிட்ட இழுக்கும், அஞ்சுக்கு பத்து, ஒரு சாட்டா பவர் கனெக்டர் தாங்குகது 4.5 ஆம்பியர்தான். ஒண்ண அஞ்சா பிரிக்க ஸ்ப்ளிட்டர் வேண்டாம், எஸ்எம்பிஎஸ்ல (பவர் சப்ளை பொட்டி) இருந்து ரெண்டு தனி வயர் எடுங்க. பிளாஸ்டிக்க உருக்கி ஊத்தின மோலெக்ஸ்-சாட்டா அடாப்டர் உள்ள ஷார்ட்டாகி தீப்புடிச்ச கதை ஒருபாடு உண்டு, பின் தெரியுக கிரிம்ப் ரகமா பாத்து வாங்குங்க.

ஹாட் ஸ்வாப்புக்கு சாதகமா ஒண்ணு சொல்லியே ஆகணும். 2017 நவம்பர் கடைசில ஓகி புயல் அடிச்சப்போ நாள் கணக்குல கரண்டு இல்ல, இன்வெர்ட்டர் செத்துப் போச்சு, கூரையில ஓடு பறந்து தண்ணி எறங்குது. ட்ரே கேஜ் இருந்தவங்க அஞ்சு நிமிசத்துல டிரைவ எல்லாம் உருவி பாலித்தீன் கவர்ல கட்டி எடுத்துட்டுப் போயிருக்கலாம், நான் டார்ச்ச வாயில கடிச்சுக்கிட்டு ஸ்க்ரூ கழட்டிக்கிட்டு இருந்தேன். அதுக்குப் பொறவுதான் ஹாட் ஸ்வாப் வாங்கினேன், சிஆர்சி பிரச்சனையில அதையும் களஞ்சேன். இப்போ 4-இன்-3 ரெண்டு மாட்டி, ரெண்டையும் நாலு கை ஸ்க்ரூவுல மட்டும் நிறுத்தியிருக்கேன், ஸ்க்ரூ டிரைவரே வேண்டாம், கூட்டோட இழுத்தா நாலு டிரைவும் சேந்து வந்துரும், கேபிள் ஒவ்வொண்ணுலயும் பேப்பர் டேப்ப ஒட்டி நம்பர் எழுதி வச்சிருக்கேன்.