ஆர்72 ஃபில்டரா, கேமராவையே மாத்திடறதா? ஏற்காட்டுல ரெண்டையும் பாத்தாச்சு

இன்ஃப்ராரெட் படம் எடுக்க லென்ஸ் முன்னாடி ஃபில்டர் மாட்டறதா, கேமராவுக்கு உள்ள இருக்கற கண்ணாடியையே மாத்தறதாங்கறது தான் கேள்வி. முதல்லயே சொல்லிடறேன், நான் கேமராவை மாத்தின கட்சி. எட்டு மாசம் ஃபில்டரை மாட்டிக்கிட்டு ட்ரைபாடும் கையுமா ஏற்காடு மலை பூரா திரிஞ்சுட்டு, அப்புறம் அதே பழைய கேனன் 600டியை பிரிச்சு உள்ள இருக்கற கண்ணாடியை மாத்த கொடுத்தவன். அதனால இதை நடுநிலையான அலசல்னு நினைச்சு படிக்காதீங்க. ஆனா ஒரே பாடி, ஒரே 18-55 கிட் லென்ஸ், மாத்தறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அதே இடங்கள்ல எடுத்திருக்கேன், அந்த அளவுக்கு பேசலாம்னு நினைக்கறேன்.

இன்ஃப்ராரெட் தெரிஞ்சவங்க இந்த பாராவை தாண்டிடுங்க. நம்ம கண்ணுக்கு சுமார் 700 நானோமீட்டர் அலைநீளத்தோட கதை முடிஞ்சுது, ஆனா கேமரா சென்சார்ல இருக்கற சிலிக்கானுக்கு 1100 வரைக்கும் தெரியும். நமக்கு தெரியாத அந்த இன்ஃப்ராரெட் ஒளி கலரை கெடுக்கும்னு கம்பெனிக்காரங்களே சென்சார் முன்னாடி ஒரு தடுப்பு கண்ணாடி வச்சு அடைச்சுடறாங்க. இலையில இருக்கற பச்சையம் இந்த ஒளியை உறிஞ்சாது, இலைக்குள்ள செல் சுவரும் காத்து இடைவெளியும் இருக்குதில்ல, அதுல முட்டி மோதி வெளிய வந்துடும், அதனால மரமெல்லாம் பனி கொட்டின மாதிரி வெள்ளையா வரும், தண்ணி கருப்பா போயிடும், நீல வானம் இருட்டாயிடும். உட் எஃபெக்ட்னு பேரு. மரத்துக்கான இங்கிலீஷ் வார்த்தைன்னு நான் ரொம்ப நாள் நினைச்சிட்டு இருந்தேன், இல்ல, 1910ல இந்த மாதிரி படங்களை வெளியிட்ட ராபர்ட் உட்ங்கற இயற்பியல்காரரோட பேராம்.

சரி, வழி ரெண்டு. ஒண்ணு, ஹோயா ஆர்72 மாதிரி ஒரு ஃபில்டரை லென்ஸ் முன்னாடி திருகறது. அது 720 நானோமீட்டருக்கு கீழ இருக்கறதை தடுத்துட்டு மேல இருக்கறதை மட்டும் விடும், கையில வச்சு பாத்தா கருப்பு கண்ணாடி, ஒண்ணுமே தெரியாது. இன்னொண்ணு, பாடியை பிரிச்சு அந்த தடுப்பு கண்ணாடியை எடுத்துட்டு அந்த இடத்துல 720 கண்ணாடியை வைக்கறது. ஃபிலிம்ல எடுக்கறதும் ஒரு வழிதான், ஆனா கோடாக் எச்ஐஇ 2007லயே நின்னு போச்சு, ரோலை கம்பெனியோட இன்ஃப்ராரெட் 400 கிடைக்குதுன்னு சொல்றாங்க, நான் ஒரு ரோல்கூட போட்டதில்ல, அதனால அதை விட்டுடறேன்.

காசு விஷயத்தை ஒரே மூச்சுல முடிச்சுடறேன். எனக்கு 58 எம்எம் ஃபில்டர் நாலாயிரத்து சொச்சம் ஆச்சு, கேமரா மாத்த கூரியரோட சேர்த்து பதினாறாயிரம் கிட்ட. ஃபில்டரை நாளைக்கே யாருக்காவது வித்துடலாம். மாத்தின கேமராவை யார் வாங்குவா? கலர் படம் எடுக்க அது இனி உதவாது, வாரன்டி ஏதாவது பாக்கி இருந்தா அதுவும் போச்சு. 600டிக்கு எப்படியும் விலை பேசறவங்க இல்லங்கறதால எனக்கு வலிக்கல, புது கேமராவை இதுக்கு கொடுத்தா வலிக்கும்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன், எனக்கு முடிவு பண்ணி கொடுத்தது இது ஒண்ணுதான்: ஷட்டர் திறந்திருக்கற நேரம்.

ஃபில்டர் மாட்டினா என்ன நடக்குதுன்னு யோசிங்க. முன்னாடி இருக்கற ஃபில்டர் இன்ஃப்ராரெட்டை மட்டும் விடுது, உள்ள இருக்கற கம்பெனி கண்ணாடி இன்ஃப்ராரெட்டை மட்டும் தடுக்குது. ரெண்டும் எதிரும் புதிருமா நிக்குது, நடுவுல கசியறதை வச்சு தான் படம் எடுக்கணும். உச்சி வெயில்ல லென்ஸ் துவாரம் எஃப் 8, சென்சார் உணர்திறன் ஐஎஸ்ஓ 200ல எனக்கு 15லேர்ந்து 25 செகண்ட் ஆச்சு. அதே இடம், அதே செட்டிங், மாத்தினப்புறம் 160ல ஒரு பங்கு செகண்ட். கணக்கு போட்டா மூவாயிரம் மடங்கு வித்தியாசம். பழைய நிக்கான் டி70 மாதிரி சில பாடிகள்ல உள்ள தடுப்பு லேசா இருக்கும், அதுல நேரம் குறையும், அதனால முதல்ல உங்க கேமரா முன்னாடி டிவி ரிமோட்டை பிடிச்சு பட்டனை அமுக்கி பாருங்க, திரையில பளிச்சுன்னு விளக்கு தெரிஞ்சா ஃபில்டருக்கு கொஞ்சம் வாய்ப்பிருக்கு, மங்கலா புள்ளி மாதிரி தெரிஞ்சா என் கதிதான்.

25 செகண்ட் என்ன பெரிய விஷயம்னு தோணும். மலையில காத்து நிக்காதுங்க. ஏற்காட்டு காபி தோட்டம் பூரா நிழலுக்கு சில்வர் ஓக் நட்டு வச்சிருக்காங்க, அதுல மிளகு கொடி ஏறியிருக்கும், இன்ஃப்ராரெட்டுக்கு அதைவிட நல்ல மரமே இல்ல, ஆனா ஒல்லியா உசரமா இருக்கறதால சின்ன காத்துக்கே உச்சி ஆடும். 20 செகண்ட் எடுத்தா அடிமரம் கல்லு மாதிரி கூர்மையா, மேல பஞ்சு மிட்டாய். ஒண்ணு ரெண்டு படத்துல அது நல்லாத்தான் இருந்துச்சு, அப்புறம் எல்லா படமும் பஞ்சு மிட்டாயா ஆனதும் சலிச்சு போச்சு.

அதோட வேலையும் ஜாஸ்தி. ஃபில்டர் இல்லாம ஃப்ரேம் வைக்கணும், ஃபோகஸ் பண்ணணும், மேனுவலுக்கு மாத்தணும், இன்ஃப்ராரெட்டுக்கு ஃபோகஸ் கொஞ்சம் தள்ளி விழும்னு மோதிரத்தை ஒரு மயிரிழை திருப்பணும், ஃபில்டரை திருகறப்போ மோதிரம் சேர்ந்து சுத்திடாம பிடிச்சுக்கணும், கண் வச்சு பாக்கற வியூஃபைண்டர் வழியா வெளிச்சம் உள்ள போகாம துணியை மூடணும், அப்புறம் தான் அமுக்கணும். 20 செகண்ட் எடுத்த படத்துக்கு நாய்ஸ் குறைக்க கேமரா இன்னொரு 20 செகண்ட் எடுத்துக்கும், அதை ஆஃப் பண்ணிட்டு சேலத்து ஏப்ரல் வெயில்ல எடுத்தீங்கன்னா சென்சார் சூடாகி படம் பூரா சிவப்பும் வெள்ளையுமா கடுகு தாளிச்ச மாதிரி புள்ளி. ஒரு மணி நேரத்துக்கு பத்து பன்னெண்டு படம், அதுல தேறுறது மூணு.

மனுஷங்களை எடுக்கறதுன்னா கேக்கவே வேணாம். போன வருஷம் எங்க அம்மாயியை, அதாவது அம்மாவோட அம்மாவை, ஏற்காட்டு பகோடா பாயிண்ட் கூட்டிட்டு போயிருந்தோம், பாறை மேல உக்கார வச்சு "அம்மாயி, இருபது எண்ணற வரைக்கும் அசையாதீங்க"ன்னேன். அவங்க சத்தமா எண்ண ஆரம்பிச்சுட்டாங்க! வாய் இருக்கற இடத்துல ஒரு சாம்பல் மேகம் தான் வந்துச்சு. ரெண்டாவது தடவை பேசாம இருந்தாங்க, ஆனா மூச்சு விடணுமே, தோளு ரெண்டா தெரியுது. "ஏன் கண்ணு, அந்த காலத்து ஸ்டுடியோவுலயே டக்குனு எடுத்துடுவாங்களேடா"ன்னு கேட்டாங்க பாருங்க, அன்னைக்கு ராத்திரியே மாத்தறவங்களோட நம்பரை தேட ஆரம்பிச்சேன்.

மாத்தினப்புறம் அதே அம்மாயி, வீட்டு வாசல்ல வேப்பமரத்தடியில கட்டில்ல உக்காந்து வெத்தலை மடிக்கறாங்க, கையிலயே பிடிச்சு எடுத்தேன், மடிக்கற விரல்கூட ஆடல. பின்னாடி வேப்பமரம் வெள்ளை வெளேர்னு எரியுது. இந்த ஒரு படத்துக்கே பதினாறாயிரம் தகும்னு எனக்கு தோணுச்சு, உங்களுக்கு தோணாம போகலாம்.

ஆனா இன்ஃப்ராரெட்ல மனுஷங்க எப்படி வருவாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு எடுங்க. மெலனின் இந்த ஒளியை அவ்வளவா உறிஞ்சாது, அதனால நம்ம ஊர் கருப்பு தோலெல்லாம் மெழுகு பொம்மை மாதிரி வெளுத்துடும். ஒளி தோலுக்குள்ள கொஞ்சம் இறங்கிட்டு வர்றதால பருவும் கரும்புள்ளியும் காணாம போகும், நரம்பு பச்சை குத்தின மாதிரி தெரியும். கருவிழி சாம்பலாயி நடுவுல கண் பாப்பா மட்டும் குண்டூசி புள்ளியா நிக்கும், கொஞ்சம் பயமாத்தான் இருக்கும். ஆதார் எடுக்கறப்போ கண்ணை ஸ்கேன் பண்ணாங்களே, அதுவும் இந்த ஒளியில தான், நம்ம கருவிழியோட வரி வடிவம் இதுல தான் நல்லா தெரியும்ங்கறதால. எங்க பெரியம்மா இப்படி எடுத்த ஒரு பையனோட படத்தை பாத்துட்டு "நல்லா செவப்பா இருக்கானே, இதையே பொண்ணு வீட்டுக்கு அனுப்பிடலாம்"னு சொன்னாங்க, விளையாட்டுக்குன்னு தான் நம்பறேன். எனக்கு அந்த வெளுப்பு பிடிக்கல, அதனால முகத்தை கிட்ட போய் எடுக்கறதை விட்டுட்டு, இடத்தோட சேர்ந்து ஆள் சின்னதா நிக்கற மாதிரி தான் இப்போ எடுக்கறேன்.

துணியும் ஏமாத்தும். மாமா கார்த்திகையில சபரிமலைக்கு மாலை போட்டிருந்தாங்க, கருப்பு வேட்டி கருப்பு சட்டை, படத்துல பாத்தா கட்சி கூட்டத்துக்கு கிளம்பின மாதிரி முழு வெள்ளை. எல்லா கருப்பும் அப்படி ஆகாது, சாயத்தை பொறுத்தது, துண்டு மட்டும் கருப்பாவே இருந்துச்சு. இன்னொண்ணு, மெல்லிசான சில செயற்கை துணி லேசா ஊடுருவி தெரியலாம், 1998ல சோனி தன்னோட நைட்ஷாட் கேம்கார்டரையே இந்த பிரச்சனையால மாத்த வேண்டியதாச்சு. அதனால யாரை எடுத்தாலும் முன்னாடியே இது என்ன கேமரான்னு சொல்லிட்டு, எடுத்த படத்தை காட்டிடறேன். மலை கிராமங்கள்ல சொல்லாம எடுக்கறதே இல்ல.

ஃபில்டருக்கு ஒரு நியாயமும் இல்லையான்னா, இருக்கு. மே மாசம் கோடை விழா சமயத்துல ஏரிக்கரையில கால் வைக்க இடம் இருக்காது. 25 செகண்ட் திறந்து வச்சா நடமாடற கூட்டம் பூரா கரைஞ்சு போயிடுது, கருப்பு ஏரி, வெள்ளை மரம், ஆளே இல்லாத கரை. மேகம் வேற கோடு கோடா இழுத்துக்கிட்டு போகும். இதை மாத்தின கேமராவுல செய்யணும்னா மேல வெளிச்சத்தை குறைக்கற இன்னொரு கருப்பு ஃபில்டர் வாங்கணும். சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரியில தண்ணி நடுவுல மண் திட்டு போட்டு மரம் வச்சிருக்காங்களே, விடியக்காத்தால காத்து இல்லாதப்போ அங்க ஃபில்டர்ல எடுத்த ஒரு படம் இப்பவும் என் சுவத்துல மாட்டியிருக்கு. நிலக்காட்சி மட்டும், அதுவும் வருஷத்துக்கு நாலு தடவை தான்னா ஃபில்டரே போதும், தாராளமா.

ரெண்டுக்கும் பொதுவான தொல்லைகளும் உண்டு. சில லென்ஸ்ல நடுவுல வெளுத்த வட்டம் விழும், என்னோட 50 எம்எம் அப்படித்தான், எஃப் 11க்கு மேல போனா வட்டம் இன்னும் அழுத்தமா தெரியும், கிட் லென்ஸ் சமத்து. எது வெள்ளைன்னு கேமராவுக்கு சொல்ற வொயிட் பேலன்ஸை புல்லை காட்டி வச்சுக்கணும், படம் திருத்தற லைட்ரூம் மென்பொருள்ல அது 2000 கெல்வினுக்கு கீழ இறங்காதுங்கறதால தனி ப்ரொஃபைல் செய்யணும். இதையெல்லாம் ஒரு சாயங்காலத்துல கத்துக்கலாம்.

ஏற்காட்டு லேடிஸ் சீட்ங்கற பார்வை முனையிலேர்ந்து சேலத்தை எடுக்கறவங்களுக்கு ஒண்ணு. கீழ சமவெளி மேல எப்பவும் ஒரு நீல மூட்டம் இருக்கும்ல, இன்ஃப்ராரெட்ல அது நல்லாவே விலகும், 450 நானோமீட்டர் நீல ஒளியோட ஒப்பிட்டா 800ல காத்துல சிதறல் சுமார் பத்துல ஒரு பங்கு தான். ஆனா மலை மேல வர்ற பனிமூட்டத்தையும் கிழிச்சுடும்னு நம்பி போகாதீங்க, அது நீர்த்துளி, அதுங்க முன்னாடி இன்ஃப்ராரெட்டும் நம்ம கண்ணும் ஒண்ணுதான். நான் நம்பி போய் மூணு மணி நேரம் டீ குடிச்சுட்டு திரும்பி வந்தேன்.

மாத்தறதுன்னு முடிவு பண்ணா சில விஷயம். வீட்டுல நீங்களே பிரிக்காதீங்க, ஃப்ளாஷ் கெபாசிட்டர்ல 300 வோல்ட் அளவுக்கு நிக்கும், பேட்டரியை கழட்டினாலும் அடிக்கும். எனக்கு மாத்தி வந்த கேமராவுல புது கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு தூசி மாட்டியிருந்துச்சு, திரும்ப அனுப்பி வாங்க மூணு வாரம் போச்சு, அதனால கைக்கு வந்த உடனே வானத்தை எஃப் 16ல ஒரு படம் எடுத்து பெருசாக்கி பாருங்க. வியூஃபைண்டர் வழியா ஆட்டோஃபோகஸ் கொஞ்சம் தப்பும், நான் பின்னாடி திரையை பாத்து எடுக்கற லைவ் வியூல தான் எடுக்கறேன், 600டியில அது ஆமை வேகம், ஓடற குழந்தைங்களை இன்னமும் என்னால பிடிக்க முடியல. சென்சார்லேர்ந்தே நேரா ஃபோகஸ் பண்ற மிரர்லெஸ் கேமரான்னா இந்த தலைவலியே இருக்காது.

உள்ள வெறும் கண்ணாடி வச்சு ஃபுல் ஸ்பெக்ட்ரமா மாத்திட்டு, முன்னாடி 590, 720, 850னு ஃபில்டரை மாத்தி மாத்தி போடறதும் ஒரு வழி. ஃப்ரெண்டோட மிரர்லெஸ் ஒரே ஒரு நாள் கையில இருந்துச்சு, 590 போட்டு குப்பனூர் ரோட்டுல எடுத்தேன், கம்ப்யூட்டர்ல சிவப்பையும் நீலத்தையும் இடம் மாத்தினதும் இலையெல்லாம் தங்கமா, வானம் நீலமா அசத்தலா வந்துச்சு. ஒரு நாள் பழக்கத்துல இதுக்கு மேல சொல்றது நியாயமில்ல. எனக்கு கருப்பு வெள்ளை தான் இஷ்டம், அதுக்கு 720 போதும். 600டி மாதிரி டிஎஸ்எல்ஆர்ல மட்டும் இந்த வழி வேணாம், முன்னாடி கருப்பு ஃபில்டர் மாட்டினா வியூஃபைண்டர் மறுபடியும் இருட்டு தான்.

எப்போ போறதுன்னா, மத்த போட்டோக்காரங்க கேமராவை பைக்குள்ள போட்டுட்டு தட்டுவடை செட்டு சாப்பிட கிளம்பற உச்சி வெயில் தான் நமக்கு வேலை நேரம். மார்ச்ல அடிவாரம் பூரா காஞ்சு கிடக்கும், காஞ்ச இலை மினுக்காது, மழை விட்ட புரட்டாசி ஐப்பசி தான் சரி, புது தளிரு கண்ணை பறிக்கும்.

என்னோட 58 எம்எம் ஃபில்டர் இப்போ டப்பாவுல சும்மா தான் இருக்கு. சேலத்துல அஸ்தம்பட்டி பக்கம் இருக்கறவங்க யாராவது காசு போடறதுக்கு முன்னாடி ட்ரை பண்ணி பாக்கணும்னா வந்து ஒரு வாரம் எடுத்துட்டு போங்க, ட்ரைபாடு மட்டும் உங்களுதா இருக்கட்டும்.